மிச்சமிருந்த ஒரு குழி

செனியை எனக்குப் பிடிக்காது. ஆற்றில் வெள்ளம் வராமல் வயல் காய்ந்த வருடங்களுக்கெல்லாம் அவன்தான் காரணம் என்று சத்தியம் செய்யாத குறையாக நம்புகிற அளவுக்குப் பிடிக்காது. அவன் அரண்மனைக் கல்ஜாடிகளுக்குப் பொறுப்பாளன்; நான், இக்கு, எண்ணெய்க் கிடங்குக்காரன். அவன் தொப்பை வாசலில் நுழைந்து, நான் ஒரு ரொட்டியைத் தின்று ஏப்பமும் விட்ட பிறகுதான் அவன் முகம் உள்ளே வரும்.

எங்கள் ஊரில் அரசர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அவர் வந்தால் குப்புற விழுந்து மண்ணை முகர்வோம். வேலையிலேயே நரைத்தவனுக்கும் அவருடைய செருப்பு வார்தான் தெரியும். நானும் உள்ளறைத் திரைக்கு வெளியே நின்று எண்ணெய்ச் சட்டியை நீட்டுவதோடு சரி. வாங்கிக்கொண்டு உள்ளே போய் அவருக்குத் தேய்த்துவிடுகிறவன் செனி. அந்தத் திமிர் பத்துக் கழுதைச் சுமை இருக்கும் அவனிடம்.

"திரையத் தாண்டுற மூஞ்சியாடா உன் மூஞ்சி? வச்சிட்டுப் போடா, எண்ணெய்க் கசடே!"

அப்படியிருக்கும்போது அரசர் இறந்தார். மேற்கே மணலில் அவருடைய கல்லறையைச் சுற்றி, மறு உலகிலும் அவருக்கு வேலை செய்யக் கூடவே புதைக்கப்படுகிறவர்களுக்காக, செங்கல் கட்டிய சின்னக் குழிகள் காத்துக்கொண்டிருந்தன. சமையற்காரர், குள்ளர், நாய்கள்வரை அவரோடு கிளம்பியாயிற்று. ஒரு குழி மட்டும் மிச்சம்.

புது அரசரின் முத்திரை அதிகாரி ஹெதெபு வந்தார். வடக்கேயிருந்து வந்தவர், எங்கள் வம்புதும்பு எதுவும் தெரியாதவர். எங்கள் இருவரையும் அழைத்தார்.

"மறைஞ்ச மன்னருக்கு எண்ணெய் தேய்ச்சுவிட்டது யாரு? அங்கயும் அவருக்கு அதே கை வேணும்ல?"

செனி தொப்பை மடங்கக் குனிந்தான். "ஐயா, அந்தப் பாக்கியம் நம்ம இக்கு அண்ணனுக்குத்தான்."

அண்ணனாம்!

"யோவ்! திரைக்குள்ள போனது நீயா, நானா?"

"பாருங்கய்யா, என்ன அடக்கம்! தங்கமான மனுசன். அண்ணன் கை பட்டாத்தான் மன்னருக்குத் தூக்கமே வரும்."

"உன் நாக்குல தேள் கொட்ட! என்னை மண்ணுக்குள்ள அனுப்பிட்டு நீ இங்க உக்காந்து வாத்து திங்கப் பாக்கறியா?"

"கோவத்தப் பாருங்க! மன்னரப் பிரிஞ்ச துக்கம்யா."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றார் ஹெதெபு. "சரி, எங்க தேய்ப்பாரு? காலுக்கா?"

ஆமாம் என்றோ தெரியாது என்றோ சொல்லியிருந்தால் என் கதை அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் என்னைக் குழியில் தள்ளுகிற ஆசை அவனுக்குத் தொண்டைவரை பொங்கிவிட்டது.

"காலுக்கு எவன் வேணாலும் தேய்ப்பான். ஈறுக்குய்யா! கீழ, இடது பக்கம் ரெண்டு பல்லு கறுத்துப் போச்சு. அதுக்குப் பக்கத்துல ஒண்ணு பொளந்து நிக்கும், அதுல பட்டா மன்னர் வெடுக்குனு கடிச்சுப்புடுவாரு. ஆனா அண்ணன் இருக்காரே..."

ஆற்றில் நீர்யானைகள்கூட மூச்சை அடக்கிக்கொண்டதாக எனக்குத் தோன்றியது.

ஹெதெபு மெதுவாகக் கேட்டார். "ஏன்யா, மன்னரோட பல்ல நீ எங்க பாத்த?"

செனி கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"கைய நீட்டுங்க, ரெண்டு பேரும்."

என் கையில் எண்ணெய்ப் பிசுக்கைத் தவிர எதுவுமில்லை. அவனுடைய ஆள்காட்டி விரலில் பல் பதிந்த தழும்புகள், சத்தியமாகச் சொல்கிறேன், அக்கரையிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

"நல்லா காட்டுங்க தம்பி" என்றேன். "என்ன அடக்கம்!"

குழிக்குள் வைக்கிற எண்ணெய் ஜாடிகளுக்குக் களிமண் பூசி உருளை முத்திரையை உருட்டுவது என் வேலை. செனியைக் குழிக்கு இழுத்துக்கொண்டு போகும்போதும் அவன் விடவில்லை.

"இந்தத் திருட்டுப்பய எனக்குப் பழைய எண்ணெயத்தான் வைப்பான்! மோந்து பாருங்கய்யா!"

ஹெதெபு நிஜமாகவே மூடியைத் திறக்கச் சொல்லி முகர்ந்தார். கடல் கடந்து வந்த தேவதாரு எண்ணெய், இருப்பதிலேயே உயர்ந்தது. அவர் புருவம் நெற்றியைத் தாண்டிப் போயிற்று.

"எதிரிக்கா இவ்வளவு நல்ல எண்ணெய்?"

"கொறை சொல்றதுக்குன்னு அவன் திரும்பி வந்துட்டா, ஐயா?"

இன்னும் இரண்டு கை களிமண் அள்ளி, ஜாடி வாயில் அப்பி, முத்திரையை அழுத்தி உருட்டினேன்.