தண்ணீருக்குள் ஒரு வசவு

கடலோரத்தில் பிறந்தவள் நீச்சல் குளத்தில் இரண்டு முறை தோற்றால் ஊர் சும்மா இருக்குமா? "இன்னா ஜாஸ்மினு, தொட்டித் தண்ணிகூட உன்ன முழுவ உடலயா?" என்று திருவான்மியூர் குப்பத்தில் போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டுவிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு, காற்றுச் சிலிண்டரோடு முழுகும் ஸ்கூபா தேர்வுக்காக மூன்றாம் முறையும் ராஜா அண்ணாமலைபுரத்துக் குளத்தில் வந்து நின்றேன். இன்று தேறினால்தான் ஞாயிற்றுக்கிழமை படகில் ஏற்றி நடுக்கடலில் முழுக விடுவார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் படகில் கால் வைத்ததில்லை. கரைக்கு வந்த மீனைக் கூடையில் அள்ளி விற்பதோடு எங்கள் கடல் முடிந்துவிடும். நானும் அம்மாவும் தினம் விற்கிற மீன் உயிரோடு எப்படித் திரியும் என்று நான் பார்த்தே ஆக வேண்டும்.

"அக்கா, ஜாக்கெட்டையும் சிலிண்டரையும் அடியிலயே கழட்டி, திரும்ப மாட்டணும். வாயில இருக்கிற குழாய மட்டும் விடாதீங்க. மூச்ச அடக்கவே கூடாது," என்றாள் ஷண்முகப்ரியா. தி.நகர் நகைக்கடைக்காரர் வீட்டுப் பெண், என்னைவிடச் சின்னவள். பயிற்சி கொடுப்பவள் என்பதால் நான் அவளை மேடம் என்பேன்.

மூச்சை அடக்காதே என்பதில்தான் வம்பே. நடக்கப் பழகிய கையோடு அலைக்குள் தம் கட்டவும் பழகியவர்கள் நாங்கள். தலை தண்ணீருக்குள் போனால் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொள்ளும். முதுகில் காற்று இருக்கிறது, இழுத்து இழுத்து விடு என்றால் அது கேட்குமா? போன இரண்டு முறையும் ஜாக்கெட்டைக் கழற்றியதுமே தம் கட்டினேன். நெஞ்சு நிறையக் காற்றோடு பந்து மாதிரி மேலே வந்துவிட்டேன். கடல் ஆழத்திலிருந்து அப்படி வந்தால் நுரையீரலே கிழிந்துவிடும் என்று மேடம் சொன்னதும் எனக்குச் சிரிப்புப் போய்விட்டது.

இறங்கினோம். குளத்தின் தரையில் முட்டி போட்டேன். இடுப்புப் பட்டையை அவிழ்த்தேன், இடது கையை உருவினேன், ஜாக்கெட்டைச் சிலிண்டரோடு முன்னால் கொண்டுவந்து, வலது கையையும் உருவி மடியில் வைத்தேன். குமிழி போய்க்கொண்டே இருந்தது. அட, வந்துவிட்டதே! அந்தக் குஷியில், திரும்ப மாட்டும்போது தப்பான கையை முதலில் விட்டேன். காற்றுக்குழாய் அக்குளில் சிக்கி வாயைப் பிடித்து இழுத்தது. நெஞ்சு பூட்டிக்கொண்டது. முட்டி தரையை விட்டு எழும்பியது. மேடம் என்னைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! குழாயைக் கடித்தபடியே ஜாக்கெட்டைத் திட்ட ஆரம்பித்தேன். வஞ்சிரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களுக்கு அடையாறு மார்க்கெட்டில் நான் கொடுக்கிற அதே வசவு. "பேமானி, என்னாண்டயே உன் வேலையக் காட்றியா? உடு கைய, கய்தே!" வெளியே ஒரு சொல்லும் கேட்டிருக்காது, பொளபொளவென்று குமிழிதான். திட்டுகிறவள் எப்படித் தம் கட்டுவாள்? ஒரு வசவு முடிந்தால் அடுத்ததற்கு மூச்சை இழுத்தாக வேண்டுமே! முட்டி மெல்லத் தரையில் இறங்கியது. கையை உருவிக் குழாயை விடுவித்தேன். சரியான கையை முதலில் விட்டு, ஜாக்கெட்டை முதுகில் ஏற்றிப் பட்டையை இறுக்கினேன். வசவை மட்டும் நிறுத்தவில்லை. மேடம் சிரித்த சிரிப்பில் அவளுடைய முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

மேலே வந்ததும், "பாஸாயிட்டீங்கக்கா! கீழ என்னதான் சொன்னீங்க?" என்றாள்.

"அதெல்லாம் நீ கேக்கக் கூடாது மேடம்," என்றேன்.

ஈரக் கையோடு அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "யம்மா, பாஸாயிட்டேன்! ஞாயித்துக்கெயம நான் போட்ல போறேன்!"

மார்க்கெட்டில் விலை கூவிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று நிறுத்தினாள். வாழ்நாளெல்லாம் மீன் விற்ற தொண்டை. அவள் குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஏய் ஜாஸ்மினு," என்றாள் மெதுவாக, "அந்த போட்ல எனக்கும் ஒரு எடம் கேளேன்டி."