கட்டிங் மாஸ்டரின் மூன்று நாள் வைத்தியம்

அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் அவர் பொறுப்பு. அதனால் எல்லோருக்கும் அவர் கட்டிங் மாஸ்டர். இருபது வருட இரைச்சல் இடது காதைத் தின்றுவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் வலது பக்கமாக வந்துதான் சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த மகனுக்கு இப்போது ஏழு மாதம். பிள்ளை பிறந்ததைவிட, அது நாலாவது மாதத்திலிருந்தே விடிய விடியத் தூங்குகிறது என்பதில்தான் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

"மூணே நாள். ராத்திரி பிள்ளையைத் தொட்டில்ல போட்டுக் கதவைச் சாத்திட்டு வந்துடணும். அழும், அழட்டும். மனசு இளகி உள்ள போனா எல்லாம் பாழ்," என்று டீ நேரத்தில் வகுப்பெடுப்பார். கூட இருந்தவர்கள் தாலாட்டு மாஸ்டர் என்று பட்டம் கட்டினார்கள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார், பாவம்.

அச்சகத்தில் புத்தகம் தைத்து ஒட்டும் பைண்டர் மட்டும் அந்தப் பாடத்தை நிஜமாகவே வீட்டுக்குக் கொண்டுபோனான். அவனுக்கு ஆறு மாதப் பெண்குழந்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியும் குழந்தையுமாக மாஸ்டர் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"பத்து நாளாச்சுண்ணே. இன்னும் அடங்கல. எங்க தப்பு பண்றோம்னே தெரியல."

மாஸ்டர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நடுவுல போய்த் தூக்கியிருப்பீங்க. அதான்."

பைண்டரின் மனைவிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "தூக்கலண்ணே. கதவுக்கு வெளியிலயே உக்காந்திருந்தேன். தொண்டை கட்டிப்போற வரைக்கும் அழுதா. உங்க பிள்ளை மூணு நாள்ல கேட்டுக்கிச்சு. எம்பொண்ணுக்குத்தான் ஏதாவது கோளாறா, இல்ல எனக்குத்தான் வளர்க்கத் தெரியலையா?"

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி முந்திக்கொண்டாள்.

"உன் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா. இவனும் ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறான்."

"எவன்?" என்றார் மாஸ்டர்.

"உங்க பிள்ளைதான். முதல் ரெண்டு நாள் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு முழிச்சிருந்தீங்க. மூணாம் நாள் அசந்துட்டீங்க. கேக்கிற காதைத் தலையணைல அமுக்கிப் படுத்துட்டா உங்களுக்கு இடி விழுந்தாலும் கேக்காது. நான் இவனைத் தூக்கிட்டு முன் ரூமுக்குப் போயிட்டேன். அன்னையிலேருந்து தினமும் அப்படித்தான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"விடிஞ்சா கத்திக்கு அடியில கைவிடற மனுஷன், தூங்கட்டும்னு விட்டேன். நீங்க அங்க போய்ப் பாடம் நடத்துவீங்கன்னு நான் கண்டேனா?"

மாஸ்டர் நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அதை அவர் பார்க்காமலில்லை. ரத்தம் கம்மியாக இருக்கும், மாத்திரை சாப்பிடு என்று போன மாதம்தான் அறிவுரை சொல்லியிருந்தார். பைண்டரின் மனைவிக்கும் அதே கறுப்பு. ஆக, மனைவியின் தூக்கத்தைத் தன் தூக்கத்தாலும், இந்தப் பெண்ணின் தூக்கத்தை வாயாலும் கெடுத்திருக்கிறார்.

அந்தப் பெண் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. பைண்டராவது முறைத்திருக்கலாம். அவன் தலையைக் குனிந்துகொண்டு விரல் நகத்தில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நாலு தடவையாக்கா?" என்று பைண்டரின் மனைவி கேட்டாள். "நிஜமாவா?"

"சில நாள் அஞ்சு."

"அப்ப இவ நல்லாத்தான் இருக்கா."

குழந்தையை இறுக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். அதன் தலையில் முகத்தைப் புதைத்து விசும்பினாள்.

"அம்மாவை மன்னிச்சிரு தங்கம். அம்மாவுக்குத் தெரியாதுடா. மன்னிச்சிரு."

அந்த மன்னிப்பைக் கேட்டிருக்க வேண்டியவர் தரையைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.