அடுக்களைக்குத் திறந்த முன்கதவு

விளவங்கோடு தாலுகாவிலேயே மனஅமைதி அடைந்த ஒரே மனிதன் தான்தான் என்று களியக்காவிளை டெனிஷ் தன் இணைய தியான வகுப்பில் அறிவித்தான். மறுநாள் காலை பால் வாங்க முன்கதவைத் திறந்து வெளியே காலை வைத்தவன், தன் வீட்டு அடுக்களைக்குள் போய் நின்றான். பின்வாசல் வழியாக இறங்கினான், மறுபடி அடுக்களை. மொட்டைமாடியிலிருந்து குதித்ததில் முட்டி சிராய்த்ததுதான் மிச்சம், விழுந்தது அடுக்களை அம்மிக்குப் பக்கத்தில். மனைவி ரெஜிலாவும் மகள் ரெனிஷாவும் பூனையும் வழக்கம்போல் போய் வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டார் அவனை நாற்காலியோடு தூக்கிப் போய்ப் பார்த்தார்கள். தெருவுக்கு வந்தபோது நாற்காலி மட்டும் இருந்தது, அடுக்களையில் கரண்டி விழும் சத்தம் கேட்டது. வயரிங் பார்க்கிறவர் வந்து, லைனில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரணம் ஊருக்குத் தெரியும். அந்த வகுப்பில் ஒரு பெண், வீட்டு வேலைக்கு நடுவே அமைதி கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். பின்னால் பொடிமீன் ஆய்ந்துகொண்டிருந்த ரெஜிலா, “எனக்கு நெத்தோலி கிள்ளும்போ மனசு சும்மா கெடக்கும்” என்றாள். டெனிஷ் கேமராவைப் பார்த்தே சிரித்தான். “ஏட்டி, மீன் தலைய கிள்ளுறதுலயா சமாதானம்? அப்படின்னா மீன்காரி செசிலி இந்நேரம் புனிதை ஆயிருப்பாளே.” அதன் பிறகுதான் தாலுகா அறிவிப்பு.

அடைபட்டதைத் தானே மேற்கொண்ட ஏகாந்தம் என்று மாணவர்களிடம் சொன்னான், கூட்டம் கூடியது. கேமரா அணைந்ததும் கதவை உதைத்தான். மூச்சை எண்ணினான், உபவாசம் இருந்தான், முழங்காலில் நின்றான். முன்கதவுக்கு அப்பால் பாத்திரம் கழுவும் தொட்டியே தெரிந்தது. செசிலி வாசலில் கூடையை இறக்கும்போதெல்லாம், “சாரே, புனிதை வந்திருக்கேன், வெளிய வருவியளா?” என்பாள்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை ரெனிஷாவுக்குச் சபையில் திடப்படுத்தல். கைக்குழந்தையாய் இருந்தபோது ஞானஸ்நானத்தில் பெற்றோர் தனக்காகச் சொன்ன வாக்கை அவளே எழுந்து நின்று சொல்லும் நாள். முந்தின சாயங்காலம் அவள் கேட்டாள், “அப்பா, நீங்க வருவியளா, இல்ல மொபைல்ல பாப்பியளா?” ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறவன் தண்ணீர் குடிக்கப் போனான்.

ஞாயிறு காலை, மதிய விருந்துக்கு வந்த நெத்தோலியைப் பாதி கிள்ளிய நிலையில் விட்டுவிட்டு ரெஜிலா மகளுக்கு வெள்ளைச் சேலை கட்டப் போனாள், நேரமாகி இருவரும் சபைக் கோயிலுக்கு ஓடினார்கள். பூனை சட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. விருந்தாளிகளுக்கு என்ன வைப்பது என்ற ஒரே கவலையில் டெனிஷ் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வரும். அடுத்தது. அடுத்தது. கோயிலில் முதல் மணி அடித்ததும், மின்சாரம் போனதும், கேமராவை வைக்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரியாது. மீனைக் கழுவி மூடிவிட்டு, தலைகளைப் பூனைக்குப் போடப் பின்வாசலில் இறங்கினான். கால் வெளியே தென்னைமூட்டு மண்ணில் பட்டது. அப்படியே கோயிலுக்கு நடந்தான்.

பேர் கூப்பிடும் நேரம். ரெனிஷா திரும்பிப் பார்க்கவில்லை. பின்பெஞ்சிலிருந்து நெத்தோலி வாடை வந்ததும் வாக்கைச் சத்தமாகச் சொன்னாள்.

இப்போதும் சில நாள் அந்த முன்கதவு அடுக்களைக்கே திறக்கும். டெனிஷ் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையை இழுத்துப் போடுவான். மீன் இல்லாத நாளில் கண் எரிய உள்ளி உரிப்பான்.