பிழைபிடி வீரர்கள்

சம்பளம் கொடுத்தால் திட்டலாம். சம்பளமே இல்லாமல் வேலை செய்கிறவர்களைத் திட்டினால் வாட்ஸ்அப் குரூப்பை விட்டுப் போய்விடுவார்கள். அதனால் என் கோபத்தையெல்லாம் வீட்டு மிக்சியிடம் காட்டிக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் எங்களுடையது. யார் வேண்டுமானாலும் அதன் நிரலை எடுத்துத் திருத்தலாம். புதுக்கோட்டையைச் சுற்றி முப்பது பேர் திருத்த வந்தார்கள். வந்தவர்கள் மென்பொருளின் சின்னம் பச்சையா நீலமா என்று மாசக்கணக்கில் சண்டை போட்டார்கள். மீதி நேரமெல்லாம் காலை வணக்கமும் ரோஜாப்பூவும்தான்.

அரிமளம் செம்மலும் அந்தக் குரூப்பில்தான் இருந்தார். அவருக்குப் பார்வை கிடையாது. குரூப் ஃபோர் தேர்வுக்கு எங்கள் மென்பொருளைக் கேட்டுத்தான் படிக்கிறார்.

"சுகுணாக்கா, பாடத்துல வருஷம் வந்தாலே வாசிக்காம ஊமையாயிருதுக்கா. வரலாறு பூரா வருஷந்தானே? இந்தத் தடவையும் போச்சுன்னா மாமா கடையில போயி ஒக்காரணும்" என்று போனில் சொன்னார்.

வேறு வழியில்லாமல் நாகராசு சித்தப்பாவைக் குரூப்பில் சேர்த்தேன். ஜல்லிக்கட்டில் மைக் பிடித்து வர்ணனை சொல்கிறவர். கம்ப்யூட்டர் தெரியாது. அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை.

அன்றைக்கே அவருடைய வாய்ஸ் மெசேஜ் அலறியது. "யாருப்பா அங்கிட்டு பூவை நீட்டிக்கிட்டு நிக்கிறது? வெலகு, வெலகு! வருது பாரு, செம்மல் அவுத்துவிட்ட வருஷப் பிழை! ஒரு பிழையை ஒருத்தருதான் புடிக்கணும். ரெண்டு பேரு தொட்டா பரிசு கெடையாது. புடிச்சா அண்டா!"

ஆத்தாடி, என்ன வேகம்! சித்தப்பா தன் பேரைச் சொல்லிக் கத்த வேண்டும் என்பதற்காகவே கொடும்பாளூர் வசந்தகுமார் ஆபீசுக்கு லீவு போட்டு அந்தப் பிழையைப் பிடித்தார். சின்னத்தை எல்லோரும் மறந்தே போனார்கள்.

ஆனால் மாடு பிடிபடாவிட்டால் மாட்டுக்காரருக்குப் பரிசு உண்டே. அது குரூப்பில் இருந்த பையன் ஜஸ்டினுக்கு ஞாபகம் வந்து தொலைத்தது. யாரும் பிடிக்க முடியாத பிழை ஒன்றைத் தானே எழுதி, நிரலுக்குள் அவிழ்த்துவிட்டு, "புடிங்க பாப்போம்" என்றான். தேர்வுக்கு ஒரு வாரம்கூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் செம்மலின் குரல் வந்தது. "காலையிலருந்து குடுமியான்மலை பத்தி ஒரே வரியத்தாங்க திருப்பித் திருப்பி வாசிக்குது. மனப்பாடமே ஆயிருச்சு. கேள்வித்தாள்ல அது மட்டும் வந்தா நான் பாஸு."

கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜஸ்டின் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து தன் பிழையைத் தானே பிடித்தான்.

"சொந்த மாட்டைப் புடிச்சா பரிசு கெடையாது தம்பி, எடத்தைக் காலி பண்ணு!" என்றார் சித்தப்பா.

தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் செம்மல் குரூப்பில் பேசினார். "வருஷமாத்தாங்க கேட்டிருந்தான். ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். ஒங்களுக்கெல்லாம் கோடி புண்ணியம்."

அதிகப் பிழைகளைக் கொண்டுவந்து காட்டியவர் அவர்தான் என்று அண்டாவை அவருக்கே அறிவித்தார் சித்தப்பா. கைதட்டும் பொம்மைகள் வந்து குவிந்தன.

"அண்டா கெடக்கட்டுங்க" என்றார் செம்மல். "அந்தச் சின்னத்துக்கு அம்புட்டு அடிச்சுக்கிட்டீங்களே, கடைசியில என்ன கலரு?"