பனி நாளுக்கும் சம்பளம்

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் இரண்டு சின்னப் பள்ளிகளில் பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவள் மார்லிஸ். பள்ளிகள் அவளை நேரடியாக வேலைக்கு எடுக்கவில்லை. ஓர் ஒப்பந்த நிறுவனம் அனுப்பியிருந்தது. பனி கொட்டிப் பள்ளியை மூடினால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. போன குளிர்காலத்தில் கார் தவணைக்கு அக்காவிடம் கை நீட்டும்படி ஆகிவிட்டது.

ஆகஸ்டில் ஒரு காலை, புதுப் பள்ளி ஆண்டின் ஒப்பந்தத்துக்காக நிறுவனத்திலிருந்து கர்டிஸ் அழைத்தான்.

"அதே சம்பளம்தான் மார்லிஸ். இந்த வாரமே கையெழுத்துப் போட்டுடுங்க."

"பனி நாளுக்கும் குடுங்க. மணிக்கூலியையும் ஏத்துங்க."

"பள்ளிக்கூடத்துல காசே இல்லைங்கறாங்க. உங்க இடத்துக்கு வேற ஆளும் ரெடியா இருக்காங்க."

அந்த ஆளையே அனுப்பிக்கொள் என்று வாய் வரை வந்தது. ஆனால் ஏழு வயது ஓவன் மே மாதம்தான் தன் பெயரை முழுசாகச் சொல்லியிருந்தான். அவனைப் புது ஆளிடம் விட மனசில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கர்டிஸேதான்.

"இது என் சொந்த போன். நான் பேசினத வெளிய சொல்லிடாதீங்க. வேற ஆள்னு ஒருத்தரும் இல்ல. அந்த ஊர் பேரக் கேட்டாலே ஓடுறாங்க. அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுடாதீங்க."

"காலைல கூசாம புளுகுனியே!"

"சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். எங்கம்மா ஸ்கூல் பஸ் ஓட்டுனவங்க. பனி விழுந்தா அவங்களுக்கும் சம்பளம் கிடையாது, அன்னிக்கு எங்க மூஞ்சியவே பாக்க மாட்டாங்க."

மார்லிஸுக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை.

அந்த வாரம் முழுக்க நிறுவனத்தின் அழைப்புகளை அவள் எடுக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் தினமும் கார் தவணையைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் மேலாளரே குரலில் தேன் தடவிக்கொண்டு அழைத்தாள்.

"மணிக்கூலிய ஏத்த வழியே இல்ல. பனி நாளுக்கு வேணா பாதி தர்றோம்."

"முழுசா குடுங்க."

மேலாளர் யாரிடமோ கேட்டுவிட்டுத் திரும்ப வந்தாள்.

"சரி, முழுசா. ஆனா வருஷத்துக்கு எட்டு நாள்தான்."

"எழுத்துல அனுப்புங்க."

மணிக்கூலி ஏறாதது அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். கர்டிஸுக்கு நன்றி சொல்ல வேண்டும். சொன்னால் அவனுக்கு ஆபத்து. அதனால் ஒப்பந்த விஷயம் பேசுகிறவள் போல அலுவலக எண்ணுக்கே கூப்பிட்டாள்.

"கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

"ரொம்ப சந்தோஷம் மேடம்" என்று ஒன்றும் தெரியாதவன் போல ஒப்பித்தான்.

"அடுத்த வருஷம் மணிக்கூலியையும் விட மாட்டேன். சொல்லி வைங்க."

"கண்டிப்பா சொல்லிடறேன் மேடம்" என்றான். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு படுகிறான் என்பது குரலிலேயே தெரிந்தது.