சுரண்டிய எழுத்து

எனக்குப் பயம் வந்தால் முதலில் வாய் ஓடும், அடுத்துக் கை ஓடும். புத்தி எல்லாவற்றுக்கும் பிந்தித்தான் வந்து சேரும். 2008ஆம் ஆண்டு ஆடி மாதம் அந்த மஞ்சள் சாமானை என் மனிசன் அன்ரனிதாஸ் கரைக்குக் கொண்டுவந்த அன்றும் அப்படித்தான் ஆயிற்று.

நாங்கள் ஊர்காவற்றுறைக்கு மேற்கே கடலோரத்தில் இருந்தோம். கடலுக்குப் போவதென்றால் காலையில் கடற்படை முகாம் வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்துப் பாஸ் எடுக்க வேண்டும். திரும்பி வந்து பாஸைக் கொடுத்து அட்டையை வாங்க வேண்டும். நயினாதீவுக் கோபுரம் துலக்கமாகத் தெரியும் தூரத்தைத் தாண்டிப் போகக் கூடாது. அதற்கு முந்திய வருடம் அவருடைய தம்பி றெக்ஷனை, சின்ன விசாரணை என்று சொல்லி, வாகனத்தில் வந்த யாரோ ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. போனவன் போனவன்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கைக்குள் எஞ்சின் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திவிடுவேன்.

அன்று சோளகம், தென்மேற்குக் காற்று, உரத்து அடித்தது. மதியம் கரைக்கு வந்தவர் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. குசினி வாசலில் குந்தியிருந்தார். என்ன, ஏது என்று நான் நாலு தரம் கேட்டு, ஐந்தாம் தரம் சத்தம் போட்ட பிறகுதான் சொன்னார்.

வலை இழுத்துக்கொண்டிருந்தபோது மஞ்சளாக ஒன்று கடல்மேல் வருவதைக் கண்டாராம். ஓர் ஆள் நீளம். படுத்த பலகை மாதிரி. சோளகத்தில் கடலில் விழுந்தது எதுவும் வடகிழக்காகத்தான் போகும். செத்த மாடும் அப்படித்தான், கழன்ற மிதப்பும் அப்படித்தான். இது காற்றுக்கு முகம் கொடுத்து எதிரே வந்தது. எஞ்சின் சத்தம் இல்லை, பாய் இல்லை, மேலே ஆளும் இல்லை. இருபத்தைந்து வருடம் கடலுக்குப் போன மனிசன் சிலுவை போட்டுவிட்டு வள்ளத்துக்குள் குப்புறப் படுத்துவிட்டார். குண்டு, இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று எண்ணிக்கொண்டு கிடந்தாராம்.

வெடிக்கவில்லை. வந்து அவருடைய வலையிலேயே மாட்டிக்கொண்டது. அதன் அடியில் நீளமாக ஒரு கேபிள், கேபிள் நுனியில் மீன் செட்டைகள் போல தகடுகள். அவை வலையைச் சுற்றிச் சுருட்டிவிட்டன. வலையை அறுத்து விட்டுவிட்டு வருவதென்றால் மிதப்புகளில் எங்கள் வள்ளத்தின் நம்பர் கிடக்கிறது. எடுக்கிறவன் அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். ஆகவே வலையோடு சேர்த்து வள்ளத்துக்குள் ஏற்றிவிட்டார். பாஸ் கொடுக்கும் இடத்தில் சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தாராம். அங்கே நின்ற சிப்பாய் காற்றில் பறந்த மண்ணுக்குக் கண்ணைப் பொத்திக்கொண்டு ஆளை மட்டும் எண்ணினான். இவருக்கு வாய் வரவில்லை. வலைக்கும் சாதாளைப் பாசிக்கும் அடியில் அது கிடக்க, பேசாமல் வந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பிறகு இருவருமாக அதைச் சாக்கால் மூடி, ஆட்டுக் கொட்டிலுக்குள் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். சாக்கைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். மேலே கறுத்தக் கண்ணாடித் தட்டுகள். குட்டிக் கம்பம் ஒன்றில் மூன்று சின்னக் கிண்ணங்கள் காற்றுக்குச் சுழன்றுகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு சிவப்பு வெளிச்சம் மினுங்கி மினுங்கி அணைந்தது. அது உயிரோடு இருந்தது. யாரோ எங்கேயோ இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

மகள் ஜெனீற்றா பள்ளிக்கூடத்தால் வந்தாள். பதினேழு வயது, உயர்தரம் படிக்கிறாள். அவளுக்குக் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் பக்கவாட்டில் பெயர்ச்சீட்டு மாதிரி ஒரு பெரிய மட்டை ஒட்டி, அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. எங்கள் இருவருக்கும் அது வாசிக்கத் தெரியாது. கூப்பிட்டோம்.

முதல் வரியை எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஒட்டோனொமஸ் என்று தொடங்கியது. மற்ற இரண்டு சொல்லும் அவளுக்குத் தெரியும்: மேற்பரப்பு, வாகனம். முதல் சொல்லுக்கு மட்டும் அகராதி எடுத்துக்கொண்டு வந்தாள். விரலை வைத்துத் தேடியவள், கண்டுபிடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

“சுயாட்சியுள்ள எண்டு போட்டிருக்கு அம்மா.”

அந்தச் சொல்லை வெளியே சொன்னால் என்ன நடக்கும் என்று அந்த நேரம் தீவுப்பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்த வரி என்ன என்று கேட்டேன். சமுத்திரம், வளிமண்டலம் என்றாள். கடலையும் காற்றையும் ஆராயும் சாமான் போலக் கிடக்கிறது, கீழே இன்னும் சின்ன எழுத்து இருக்கிறது, அதையும் வாசிக்கவிடுங்கள் என்று கெஞ்சினாள். நான் விட்டால்தானே. தனிநாடு கேட்டுச் சண்டை பிடிக்கிற இயக்கத்துக்குக் கடலிலும் ஆள் இருக்கிறது, வானத்திலும் ஆள் இருக்கிறது. கடல், வானம், சுயாட்சி, மூன்றும் ஒரே மட்டையில். இதற்கு மேல் என்ன வாசிக்க இருக்கிறது?

போதும் வாசித்தது, போய்ப் படி என்று அவளை உள்ளே துரத்தினேன். மீன் வெட்டும் கத்தியை எடுத்தேன். அவரும் தடுக்கவில்லை. எழுத்து இல்லாவிட்டால் அது வெறும் மிதவை, விடிய முகாமில் போய்ச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மட்டை லேசில் வரவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்க இறங்கச் சுரண்டினேன். ஒரு எழுத்துக்கூட மிச்சம் வைக்கவில்லை. துகள்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி அடுப்பில் போட்டேன்.

காலையில் அவர் போய்ச் சொன்னார். ஒரு மணித்தியாலத்துக்குள் ட்ரக்டர் ஒன்று ஒழுங்கைக்குள் வந்தது. இளம் அதிகாரி ஒருவனும் நாலு சிப்பாய்களும். அதிகாரி சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு கடதாசியை எடுத்து விரித்தான். அதில் இந்தச் சாமானின் படம் இருந்தது. மட்டையும் எழுத்துமாக, பளிச்சென்று இருந்தது. அவன் சாமானைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். சுரண்டிய இடத்தை விரலால் தடவினான்.

எழுத்து எங்கே என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். இவர் கடல் தேய்த்திருக்கும் என்றார். கத்தி போன தடம் அத்தனையும் வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. சாமானையும் இவரையும் ஒரே ட்ரக்டரில் ஏற்றினார்கள். சின்ன விசாரணை, பயப்பட வேண்டாம் என்று ஒரு சிப்பாய் எனக்குச் சொன்னான். றெக்ஷனை ஏற்றிக்கொண்டு போனபோதும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள்.

அன்று விடவில்லை. அடுத்த நாளும் விடவில்லை. பங்குச் சுவாமியார் போய்க் கேட்டார், பொறுங்கள் என்றார்களாம். நான் அடுப்பு மூட்டவில்லை. எழுத்தோடு கொடுத்திருந்தால் அன்றைக்கே நன்றி சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்ற எண்ணம் மண்டையைக் குடைந்தது. றெக்ஷனை மற்றவன் கொண்டுபோனான். இவரை நான் அல்லவா என் கையால் பிடித்துக் கொடுத்தேன்?

மூன்றாம் நாள் முகாமுக்குப் புறப்பட்டேன். ஜெனீற்றாவைத் தனியே வீட்டில் விடவும் பயம், கூட்டிக்கொண்டு போகவும் பயம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைப் போடச் சொன்னேன். பார்க்கிறவனுக்குப் பிள்ளை என்று தெரியட்டும் என்று நினைத்தேன். அங்கே போய் வாயே திறக்கக் கூடாது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன்.

உள்ளே அதே அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர், தமிழ் ஆள். எழுத்தைச் சுரண்டியது நான்தான், மனிசனுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். பயத்தில் என்றேன். எதற்குப் பயம் என்று கேட்டார்கள்.

“அதில சுயாட்சி எண்டு எழுதியிருந்தது ஐயா.”

மொழிபெயர்க்கிறவர் அதைச் சொல்லவில்லை. கண்ணைத் தாழ்த்தி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி இரண்டாம் தரம் அதட்டிய பிறகுதான், மெல்லிய குரலில் என்னவோ சொன்னார். அந்த மனிசனுக்கும் என்னளவு பயம் என்று கண்டேன். அதிகாரி கடதாசியை என் பக்கம் திருப்பினான். எந்த இடத்தில் எழுதியிருக்கிறது, காட்டு என்றான்.

எல்லாம் பூச்சி ஊர்ந்த மாதிரிக் கிடந்தது. மகளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சொல்லில் விரலை வைத்தேன்.

“அம்மா, அது ஆபத்தில்லாதது எண்டு எழுதியிருக்கு,” என்றார் மொழிபெயர்க்கிறவர்.

அதிகாரிக்கு அது விளங்கிவிட்டது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அப்படியென்றால் வாசித்துச் சொன்ன ஆள் யார்? நான் பொய் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்க, ஜெனீற்றா என்னைத் தாண்டி மேசைக்குக் கிட்டப் போனாள்.

“நான்தான் வாசிச்சனான்,” என்றாள்.

கடதாசியை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். ஒரு சொல்லும் தவறவில்லை. முதல் சொல்லுக்கு அகராதியில் இப்படித்தான் போட்டிருக்கிறது என்றாள். மொழிபெயர்க்கிறவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினார். தானாக ஓடுவது, ஓட்டுகிற ஆள் இல்லாதது, அவ்வளவுதானாம். கடலின் சூட்டைக் காற்று எவ்வளவு எடுக்கிறது, மழை எப்படிக் கட்டுகிறது என்று பார்க்க வெளிநாட்டில் யாரோ படித்தவர்கள் விட்டார்களாம். அலையே அதைத் தள்ளிக்கொண்டு போகுமாம். வழி தவறி வந்துவிட்டதாம். என் மனிசனைக் கேட்டிருந்தால் காற்றைப்பற்றி அவரே சொல்லியிருப்பாரே, நாசமாய்ப் போகிற படித்தவர்கள்!

அதிகாரி சிரித்தான். மூன்று நாளில் முதல்தரம் எனக்கு மூச்சு வந்தது. இவரைக் கொண்டுவரச் சொன்னான். பிறகு, மகளைப் பார்த்து நல்ல இங்கிலீஷ் என்றான். பெயரைக் கேட்டான். வயதைக் கேட்டான். பள்ளிக்கூடத்தைக் கேட்டான். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினான். பதிவுக்கு இரண்டு படம் நாளைக் காலை கொண்டுவா என்றான்.

இவரை வெளியே விட்டார்கள். மேலில் ஒரு கீறல் இல்லை. மகளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். ஜெனீற்றா முன்னே நடக்க, நாங்கள் பின்னால் நடந்தோம். கோயிலடிக்கு வந்ததும் அவர் நின்றார்.

“மூண்டு நாளும் ஒண்டுதான் கேட்டவங்கள், ஆர் வாசிச்சதெண்டு. நான் சொல்லேல்லை.” கொஞ்சம் நடந்து மறுபடி நின்றார். “இவளை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீர்?”

எனக்கு எப்போதும் ஓடுகிற வாய் அன்று ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து அலுமாரிக்குள்ளிருந்த படங்களைப் பாயில் கொட்டினேன். கோயிலில் முதல் நன்மை எடுத்த படம், விளையாட்டுப் போட்டிப் படம், அடையாள அட்டைக்கு எடுத்த படம், எல்லாவற்றிலும் முகம் துலக்கமாக இருந்தது. எவன் பார்த்தாலும் ஆளைப் பிடித்துவிடுவான். கடைசியில், கல்யாண வீடொன்றில் யாரோ அசைத்து எடுத்துக் கலங்கிப்போன படம் ஒன்று அகப்பட்டது. அதைக் கத்தரிக்கோலால் அளவாக வெட்டினேன். ஜெனீற்றா எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, அதில நான் எண்டே தெரியேல்லை.”

“ஓம் பிள்ளை,” என்றேன். “இதுமாதிரி இன்னொண்டு தேடித் தா.”