தொடைக்கறிக் கூறு

சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் மரிய செலினுக்குச் சோறு இறங்காது. இந்த வருஷம் கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே இறங்காமல் போய்விட்டது.

வில்லியனூர்ப் பக்கம் மாதா கோயிலை ஒட்டிய அந்தத் தெருவில் ஐந்து வீடுகள் சேர்ந்து பண்டிகைக்கு ஓர் ஆடு பிடிப்பது வழக்கம். பண்டிகை நாளில் கறிக்கடைக்காரன் சொன்னதுதான் விலை. அதையும் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்று கொழுப்பையும் ஜவ்வையும் வாங்கி வரவேண்டும். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முழு ஆடாக வாங்கினால் அதே கறி முக்கால் விலைக்கு முடிந்துவிடும். மிச்சத்தில் பிரியாணி அரிசியும் நெய்யும் வாங்கிக்கொள்ளலாம். தையல் மிஷினை நம்பிப் பிழைக்கிற செலினுக்கு இது பெரிய மிச்சம். அதுவும் இது மகளுக்குத் தலைக் கிறிஸ்துமஸ். மருமகன் ஃபிராங்க்ளின் முதல் தடவையாக அவள் வீட்டில் விருந்துக்கு உட்காரப் போகிறான். இலையில் எலும்பாக விழுந்தால் சம்பந்தி வீட்டில் சாகிற வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

ஆடு பிடிப்பது, உரிப்பது, கூறு போடுவது எல்லாமே எதிர்வீட்டு தனிஸ்லாஸ்தான். டெம்போ ஓட்டுகிறவர். சோரியாங்குப்பம் வரை போய்ப் பேரம் பேசி ஆட்டை ஏற்றி வருவார். கூலி என்று வாய் திறந்து கேட்டதில்லை. அங்கேதான் செலினுக்கு உதைத்தது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?

பிரிக்கிற விதத்தையும் பாருங்கள். எல்லாக் கூறிலும் எல்லாம் கலந்துதான் போடுவார்கள். இருந்தாலும் ஒன்றில் தொடைக்கறி கூடும், ஒன்றில் கழுத்தெலும்பு கூடும். சண்டை வராமலிருக்க ஒருத்தர் முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். இன்னொருத்தர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்கிறவர் வாய்க்கு வந்த பெயரைச் சொல்ல வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் தொடுகிறவர் தனிஸ்லாஸ், பெயர் சொல்வது அவர் மனைவி கிரேஸ் மேரி! புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு சாடை இருக்காதா?

இத்தனைக்கும் செலினுக்கு வந்த கறியில் ஒரு குறையும் இல்லை. புருஷன் இறந்துபோன பிறகு வந்த நாலு கிறிஸ்துமசிலும் நல்ல கூறாகவே விழுந்தது. 'எனக்கே இவ்ளோ நல்லா வுழுந்தா, அவங்களுக்கு எப்பிடி வுழுந்திருக்கும்!' என்பது அவள் கணக்கு. தனிஸ்லாஸ் வேறு தன் பங்கை எப்போதும் துணி போட்டு மூடியே வீட்டுக்குள் எடுத்துப் போவார். நல்ல பொருளைத்தானே மூடுவார்கள்?

பண்டிகைக்கு முந்தின நாள் காலை, தனிஸ்லாஸ் வீட்டுத் தோட்டத்தில் வாழையிலைமேல் ஐந்து கூறும் தயாராக இருந்தன. கிரேஸ் மேரி திரும்பி நிற்கப் போனாள். செலின் குறுக்கே வந்தாள்.

"அண்ணி, இந்த வாட்டி நான் நிக்கிறேன்."

"இன்னாத்துக்கு திடீர்னு?"

"புருஷன் தொட்டு பொண்டாட்டி பேரு சொன்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க இல்ல? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கிரேஸ் மேரியின் முகம் சுண்டிப்போனது. மூலைவீட்டு ஆனி மேரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தனிஸ்லாஸ் அவளைக் கையமர்த்தி, "நிக்கட்டும், வுடு" என்றார்.

செலின் சுவரைப் பார்த்து நின்றாள்.

"இது யாருக்கு?"

"ஆனி மேரிக்கு."

"இது யாருக்கு?"

"டேவிட் ராஜ் வூட்டுக்கு."

"இது... யாருக்கு?"

மூன்றாவது கேள்வி கொஞ்சம் தயங்கி வந்தது. ஆகா, மாட்டிக்கொண்டார் என்று நினைத்தாள் செலின். எலும்புக் கூறைத் தொட்டுக்கொண்டு, அதை என் தலையில் கட்டப் பார்க்கிறார்!

"உங்க வூட்டுக்கே!" என்றாள் வெடுக்கென்று.

நாலாவது அருள்மொழி வீட்டுக்குப் போனது. மீந்தது அவளுடையது. ஜெயித்த முகத்தோடு திரும்பினாள்.

தனிஸ்லாஸ் முன்னால் தொடைக்கறி குவிந்து கிடந்தது. அவளுடைய இலையில் கழுத்தெலும்பும் விலாவும்தான்.

ஆனி மேரிக்குப் பொறுக்கவில்லை. "நாலு வருசமா மூணாவதா அவரு தொடறது தொடக்கறிய, மூணாவதா அக்கா சொல்றது உன் பேரு. புருசன் இல்லாம ஒண்டியா பொண்ண வச்சினு கஷ்டப்படறாளேன்னு நாங்க எல்லாருந்தான்டி பேசி வச்சோம். கழுத்தெலும்ப அவங்க எடுத்துக்கினு, உன் கண்ணுல படக்கூடாதுன்னு மூடினு போவாங்க. இப்ப இன்னாத்த கண்டுபுடிச்சிட்ட நீ?"

"நீ சும்மா இருடி" என்று கிரேஸ் மேரி அதட்டினாள்.

செலினுக்குக் காது மடல் சுட்டது. ராசி என்று நினைத்துத் தின்றதெல்லாம் இரக்கப்பட்டுப் போட்டதா? தெருவுக்கே தெரிந்தது தனக்கு மட்டும் தெரியவில்லையே என்று அவமானம் பிடுங்கித் தின்றது. அதைவிட, இந்த மனுஷனையா இத்தனை நாள் திருடன் என்று நினைத்தோம் என்பது வலித்தது.

தனிஸ்லாஸ் தன் கூறை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து, அவள் கறிக்காகக் கொண்டுவந்திருந்த பாத்திரத்துக்கு மேலே நீட்டினார். செலின் சட்டென்று பாத்திரத்தின் வாயைக் கையால் பொத்தினாள்.

"வாணாம்ணே. சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்."

"நாளிக்கு மாப்ள வராரு, செலினு" என்றார் அவர்.

அவர் கையை நீட்டியபடியே நின்றார். மற்றவர்கள் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றார்கள். செலின் தலையைக் குனிந்துகொண்டு, பொத்திய கையை எடுத்தாள்.